ஓட்டம் நின்ற வாசல்கள்

ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஈச்சந்தரிசு ஊருக்கு மேற்கே பருத்திக்காட்டில் முயலை விரட்டிப் போன கருடன் என்ற ஏழு மாதக் குட்டிநாய் பின்னங்கால் இரண்டும் மடங்கி நடுக்காட்டில் விழுந்தது. ஆனால் அதன் ஓட்டம் விழவில்லை. நாய் கிடந்த இடத்திலிருந்து நாலு கால்களின் சத்தம் மட்டும் தனியாகக் கிளம்பி, கரிசல் புழுதியைக் கோடு கோடாகக் கிளப்பிக்கொண்டு முயல் போன திக்கில் போய், ஓடையைத் தாண்டி, பிறகு வளைந்து ஊருக்குள் நுழைந்து, தெருவை நீளவாக்கில் கடந்து கிழக்கே போய் மறைந்தது. நாயை வளர்த்த வெயிலுமுத்து வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஓட்டத்தின் பின்னால் போகவா, நாயைத் தூக்கவா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, நாயைத்தான் தூக்கினார். தோளில் கிடந்த கருடன் எப்போதும்போல அவர் காதை நக்கியது. வலி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கால்கள் மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கின.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஓட்டம் மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் ஐந்து மணிக்கு மேற்கேயிருந்து வரும், கிழக்கே போகும். ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மினிபஸ் டிரைவர் ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுவார். டீக்கடை ஞானசௌந்தரி பெஞ்சைச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். ரோட்டில் மிளகாய் வற்றல் காயப்போடுகிற பெண்கள் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுக் காயப்போட்டார்கள். புது சிமெண்டு ரோடு போட வந்த காண்டிராக்டர் ஊரார் சொன்னதைக் கேட்காமல் நாலரை மணிக்கு வேலையை முடித்துவிட்டுப் போக, மறுநாள் காலையில் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நாய்க்காலடி பதிந்து இறுகிக் கிடந்தது. அவரும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார். வெயிலுமுத்து வீட்டு முற்றத்தில் சாக்கின் மேல் கிடந்த கருடன் மட்டும், ஐந்து மணிக்குத் தன் ஓட்டம் தன்னைக் கடந்து போகும்போது காதை நிமிர்த்திப் பார்க்கும். தூக்கத்தில் ஓடுகிற நாய்க்குத் துடிப்பதுபோல அதன் கால்கள் லேசாகத் துடிக்கும்.

அதுவரைக்கும் யாருக்கும் பயமில்லை. பயம் வந்தது, ஓட்டம் முதன்முதலாக நின்றபோது.

புரட்டாசியில் ஒருநாள், எங்கும் நிற்காத அந்த ஓட்டம் தையல்காரர் வீட்டு வாசலில் நின்றது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்தான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுவாங்குகிற சத்தம் வெறும் காற்றிலிருந்து வந்ததைத் தையல்காரரின் மனைவி கேட்டாள். பிறகு அது போய்விட்டது. மூன்றாம் வாரம் தையல்காரர் வீட்டுக் குட்டிநாய் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல்போலத் தத்தி நடக்க ஆரம்பித்தது. தலை நிமிரவில்லை. தொடைச் சதை நாளுக்கு நாள் உருகி, தோலுக்கு அடியில் எலும்பின் தடம் தெரிந்தது. ஐப்பசியில் அது விழுந்த அன்று, அதன் ஓட்டமும் கிளம்பிப்போய் முதல் ஓட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இப்போது எட்டுக் கால்கள். கார்த்திகை முடிவதற்குள் பதினாறு. தை பிறந்தபோது ஏழு நாய்கள் விழுந்துகிடந்தன, ஏழு ஓட்டங்கள் கூட்டமாக வந்தன, தரை அதிர்ந்தது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

விழுந்த நாய்களைவிட விழாத நாய்களுக்காகத்தான் ஊர் அதிகம் நடுங்கியது. ஏனென்றால் ஓட்டம் நல்ல நாய்கள் இருக்கிற வாசல்களிலும் நின்றது. நாலு வயசு, ஐந்து வயசு நாய்கள், ஒரு குறையும் இல்லாமல் ஆடு காக்கிற நாய்கள். நின்று, மூச்சுவாங்கி, போய்விடும். அந்த நாய்கள் விழவில்லை. ஆனால் எப்போது விழுமோ என்று வீட்டுக்காரர்கள் தினமும் நாயின் தொடையைத் தடவிப் பார்த்தபடி இருந்தார்கள். வாசலில் விளக்குமாற்றையும் பழைய செருப்பையும் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐந்து மணிக்கு முன்னால் குழந்தைகளைத் தூக்கி வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். இன்றைக்கு நாயைத் தேடி வாசலில் நிற்கிற ஓட்டம், மனுஷனைத் தேடி நிற்க எத்தனை நாளாகும் என்று யாரோ கேட்டதிலிருந்து, வெயிலுமுத்துவின் மருமகள் வயிற்றுப்பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை.

ஓட்டம் நின்ற வாசல்களுக்கெல்லாம் ஒரு ஒற்றுமை இருந்தது. அது தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் பெயர் வேலுத்தாய்.

வேலுத்தாய்க்கு நாற்பத்திரண்டு வயது. ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் செம்மண் நிறமுமாக ஈச்சந்தரிசு நாய்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பெயர்பெற்ற நாய்கள் எல்லாம் அவள் வீட்டு நாய்க்கொட்டத்தில் பிறந்தவை. எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்த நிறமும் அந்த இடுப்பும் கலைந்துபோகக் கூடாது என்று அவளும் அவள் புருஷன் கோமதிநாயகமும் தாய்நாயை அதன் சொந்த மகனோடு சேர்த்தார்கள். ஆறு குட்டிகள் பிறந்தன. அதில் ஒன்று நாலாம் மாதத்தில் தலையைத் தூக்க முடியாமல் தத்தி நடந்தது. ஒரு மத்தியானம் கோமதிநாயகம் அதைச் சாக்கில் போட்டுப் பாழுங்கிணற்றுப் பக்கம் எடுத்துப்போனார்; சாக்கு அசைந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது வெறும் சாக்கோடு வந்தார். வேலுத்தாய் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னாள். அப்புறமும் அதே ரத்தத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். அப்புறமும் இரண்டு தடவை பாம்பு கடித்தது. பிறகு குட்டிகளை ஒன்றரை மாதத்திலேயே கொடுத்துவிடும் வழக்கத்துக்கு வந்தார்கள். அந்த வயசில் எல்லாக் குட்டியும் நல்ல குட்டிதான்.

சாக்கில் போன அந்த மூன்றும் ஓடிப் பழகும் முன்பே போய்விட்டதால் அவற்றுக்கு விட்டுப்போக ஓட்டமே இருக்கவில்லை. 

தை மாதம் பத்தாம் தேதி கால்நடை டாக்டர் நசீமா வந்தார். சின்ன வயசுக்காரர், ஸ்கூட்டரில் வந்தார். விழுந்துகிடந்த நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிற்கிற நாய்களுக்கு ரத்தம் எடுத்து, எல்லாம் முடித்து டீக்கடையில் உட்கார்ந்தபோது ஊரே சுற்றி நின்றது.

"இது தொத்து வியாதி இல்லண்ணே. செய்வினையும் இல்ல" என்றார் நசீமா. "ரத்தத்துல வழிவழியா வர்ற சதை நோய். தாய்கிட்ட இருந்து ஒரு பாதி, தகப்பன்கிட்ட இருந்து ஒரு பாதி. ஒரு பாதி மட்டும் இருக்கிற நாய்க்கு ஒண்ணும் ஆகாது, கடைசிவரைக்கும் நல்லா ஓடும். ரெண்டு பாதியும் ஒரே குட்டிக்கிட்ட வந்து சேர்ந்துட்டா, அது கால் வீசி ஓடுற வயசுல சதை கரைய ஆரம்பிச்சிரும்."

"மருந்து?" என்றார் வெயிலுமுத்து.

"இல்லண்ணே. பக்கத்துல வச்சுப் பார்த்துக்கலாம். அவ்வளவுதான்." அவர் டீயைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல இப்படிக் குட்டி எதுவும் பொறந்திருக்கா? யாருக்காவது நினைவிருக்கா?"

"இல்ல டாக்டரம்மா" என்றாள் வேலுத்தாய். யாரும் அவளைக் கேட்கவில்லை. வெயிலுமுத்து திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது மணி ஐந்தாகிவிட்டது. ஓட்டங்கள் மேற்கேயிருந்து வந்தன. ரத்தம் எடுத்த குப்பிகள் பெட்டிக்குள் கிணுகிணுத்தன. நசீமா எழுந்து நின்று பார்த்தார். அவை எந்தெந்த வாசலில் நின்றன என்று நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து காகிதம் வந்தபோது, அதிலிருந்த பெயர்களும் நோட்டிலிருந்த வாசல்களும் ஒன்றுகூடப் பிசகாமல் ஒத்துப்போயின. அதன்பிறகு அவர் ரத்தம் எடுத்து அனுப்பவில்லை. வாரம் ஒருதரம் நாலே முக்காலுக்கு வந்து டீக்கடையில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். ஞானசௌந்தரி அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்தாள்.

ஆனால் அவர் வந்த முதல் நாளிலேயே ஓட்டங்கள் கடைசியாக நின்ற வாசல் வேலுத்தாயின் வாசல். மற்ற இடங்களில் ஒரு மிடறு நேரம் நின்றவை இங்கே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கிற நேரம் நின்றன. உள்ளே அவளுடைய செவலை என்ற பெட்டைநாய் சினையாக இருந்தது. ஒரு மாதச் சினை. சேர்த்தது அதன் கூடப்பிறந்த கடுவன் நாயோடு. கதவுக்கு அந்தப் பக்கம் ஏழு மூச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் செவலை முதுகுமயிர் சிலிர்த்து, வாலை அடிவயிற்றில் சுருட்டி, வேலுத்தாயின் காலோடு ஒட்டி நின்றது.

"ஏங்க, சொல்லிருவோம்" என்றாள் அவள், சத்தம் போனபிறகு.

"என்னத்தட்டி சொல்லுவ?" கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சேதான் குட்டி கொடுத்தோம்னா? வெயிலுமுத்து அந்த நாயைப் பிள்ளை மாதிரி மடியில வச்சு ஊட்டிக்கிட்டு இருக்காரு. என்ன செய்வாருன்னு நினைக்க?"

"அது நம்ம வாசல்லயே வந்து நிக்கே."

"நின்னுட்டுப் போகட்டும். அதுக்கு வாயா இருக்கு?"

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாள் அது வாசற்படியில் ஏறியது. கதவின் அடியிலிருந்து புழுதி உள்ளே வந்தது. வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. நாலு மணிக்கு மேல் உலை வைத்தால் அரிசி போட மறந்துபோகும். ஒருநாள் காலையில் புருஷனிடம்கூடச் சொல்லாமல் செவலையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியில் இருந்த தங்கச்சி பூலம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது கிலோமீட்டர். எந்த ஓட்டம் நாற்பது கிலோமீட்டர் வரும்?

பூலம்மாள் வீடு ஒரு குறுகிய சந்தில் இருந்தது. சந்தில் பெண்கள் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணியானது. ஒன்றும் வரவில்லை. ஐந்தே கால் ஆனது. வேலுத்தாய் பல நாளைக்குப் பிறகு ஒரு டம்ளர் காப்பியை முழுதாகக் குடித்தாள். ஆறு மணிக்கு, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போது, தார் ரோட்டில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒதுங்கத் தெரியவில்லை. கொய்யாப்பழ வண்டி சரிந்தது. ஒட்டிவைத்த தீப்பெட்டிகள் பறந்தன. சைக்கிளில் வந்த ஒருவர் எதில் மோதினோம் என்று தெரியாமல் சாக்கடையில் விழுந்தார். சத்தம் நேராக பூலம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்த மூச்சு, ஏழு மூச்சு, வாசலில் இரைந்தது. செவலை நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

பூலம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள், "யக்கா, என்னக்கா இது? யாரைத் தேடி வந்திருக்கு?"

"என்னைத்தான்" என்றாள் வேலுத்தாய்.

மறுநாள் அவள் ஊருக்குத் திரும்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேராகத் தெருவின் நடுவில், காலடி பதிந்த சிமெண்டு ரோட்டில் போய் நின்றாள். மினிபஸ் ஓரத்தில் நின்றிருந்தது, ஞானசௌந்தரி பெஞ்சை ஒதுக்கிக்கொண்டிருந்தாள், நசீமா நாற்காலியில் இருந்தார். "ஏ வேலுத்தாயி, ஒதுங்கு, மணியாச்சு" என்று யாரோ கத்தினார்கள். அவள் ஒதுங்கவில்லை. தூரத்தில் புழுதி எழுந்தது. ஓடிவிடலாமா என்று அவள் கண் சந்து சந்தாகத் தேடியது. புழுதி வந்து அவள் சேலையில் அடித்தது. முகத்துக்கு நேரே சூடான மூச்சு வந்தது. எல்லா ஓட்டங்களும் அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றன.

"எனக்குத் தெரியும்" என்றாள் வேலுத்தாய். மறுபடி சொன்னாள். "எனக்கு முன்னாடியே தெரியும். எட்டு வருசமாத் தெரியும். பாம்பு கடிக்கல. மூணு குட்டி இப்படித்தான் ஆச்சு, மூணையும் பாழுங்கிணத்துல போட்டோம். அப்புறமும் தாயையும் மகனையும், அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்தோம். தெரிஞ்சேதான் உங்க வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். இவ வயித்துல இப்பவும் இருக்கு."

ஓட்டங்கள் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போயின. கோமதிநாயகம் வீட்டு வாசலிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெயிலுமுத்து வீட்டுக்குள் போனார். கல்லோ கம்போ எடுக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வேலுத்தாயும் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கருடனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒருகாலத்தில் வாசல்நிலை உயரம் தாண்டிய நாய் இப்போது ஒரு கோழி கனம்தான் இருந்தது. அதை அவள் கையில் வைத்தார்.

"ஆறு மாசமா இது என்ன பாவம் செஞ்சுச்சுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன் தாயி" என்றார். "இனிமே நீ பாரு. கஞ்சியைக் குழைச்சு வாயைப் பிரிச்சு ஊட்டணும். மணிக்கொரு தடவை புரட்டிப் போடணும், இல்லேன்னா புண்ணு வச்சிரும்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரத்துக்குள் மற்ற ஆறு நாய்களும் அவள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. யாரும் திட்டவில்லை, கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போனார்கள். நசீமா பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஓட்டம் நின்ற ஒவ்வொரு வாசலிலிருந்தும் நாயை வரவழைத்து, இனிக் குட்டி தரிக்காதபடி அறுவை செய்தார். செவலையை மட்டும் ஈன்ற பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தார். ஈச்சந்தரிசில் இனி ஈச்சந்தரிசு நாய் இருக்காது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசினவர்களே அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்தார்கள். நாயெல்லாம் செத்துப்போய் ஓட்டம் மட்டும் தினமும் ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

வேலுத்தாய் கஞ்சி குழைத்தாள். வாய்ச்சதை இறுகிப்போன நாய்களின் தாடையை நீவி நீவித் திறந்து ஊட்டினாள். மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டாள். ஐந்து மணிக்கு ஏழும் காதை நிமிர்த்தும்போது அவளால் அவற்றின் கண்களைப் பார்க்க முடிந்ததில்லை. கோமதிநாயகம் முதல் பத்துநாள் தின்பதும் தூங்குவதுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். பதினோராம் நாள் எழுந்துவந்து, கருடனின் அடியில் நனைந்த சாக்கை உருவி வேறு சாக்கு விரித்தார்.

மாசியில் செவலை நாலு குட்டிகள் ஈன்றது.

நாலும் நல்ல குட்டிகள். அந்த வயசில் எல்லாம் நல்ல குட்டிதான். வேலுத்தாய்க்கு அவற்றைத் தொடவே பயமாக இருந்தது. பால் குடிக்கும்போது தலை நிமிர்கிறதா என்று பார்ப்பாள், பார்த்துவிட்டோமே என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். சித்திரையில் குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது நசீமா வந்து, "ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருவோமாக்கா? ஒவ்வொண்ணா" என்று கேட்டார்.

முதல் நாள் முதல் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய் நின்றாள். ஓட்டம் வந்து அவள் முன்னால் நின்றது. இரண்டாம் நாள் இரண்டாவது குட்டி, நின்றது. மூன்றாம் நாள் மூன்றாவது குட்டி. நின்றதோடு, மூச்சு அதன் முகத்துக்கு மிக அருகில் வந்து வெகுநேரம் இரைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இதுதான் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குட்டியை மடியைவிட்டு இறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் அவள் போக மறுத்தாள். "வேண்டாம் டாக்டரம்மா. இதையாவது தெரியாம வச்சுக்கிடுதேன்."

"தெரியாம வச்சுக்கிட்டதுதானேக்கா இவ்வளவும்" என்றார் நசீமா, மெதுவாகத்தான்.

அவள் போனாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். குட்டியின் இதயம் அவள் கைக்குள் படபடவென்று அடித்தது. மேற்கே சத்தம் கேட்டது. பருத்திக்காடு தாண்டியது. தையல்காரர் வீடு தாண்டியது. டீக்கடையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. புழுதி அவள் கணுக்காலில் அடித்தது, முழங்காலில் அடித்தது, மூச்சு வந்தது, இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று அவள் பல்லைக் கடித்தாள், நிற்கவில்லை. அவளை உரசிக்கொண்டு அப்படியே போனது.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் குட்டி அவள் கையிலிருந்து துள்ளிக் குதித்து அதன் பின்னால் ஓடியது.

"ஐயோ, பிடிங்க! பிடிங்க அதை!" வேலுத்தாய் கத்திக்கொண்டே ஓடினாள், நாலு எட்டில் கால் பின்னி விழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை; அந்தப் பாதையில் கால்வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. புழுதிக்குள், கண்ணுக்குத் தெரியாத இருபத்தெட்டுக் கால்களுக்கு நடுவில், அந்தச் சின்னச் செம்மண் நிறக் குட்டி காது பறக்க ஓடியது. விழுந்து கிடக்கிற அண்ணன்களோடும் அக்காள்களோடும் ஓடியது. கிழக்கே, ஊர் எல்லை தாண்டி, கருவேலங்காட்டுக்குள் எல்லாம் சேர்ந்து மறைந்தது. சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

வேலுத்தாய் ரோட்டில் கிடந்தபடியே கிழக்கே பார்த்தாள். ஊரும் பார்த்தது. வெறும் புழுதி இறங்கிக்கொண்டிருந்தது.

வெகுநேரத்துக்குப் பிறகு கருவேலங்காட்டிலிருந்து ஒரு புள்ளி வெளியே வந்தது. சத்தமே இல்லாத ரோட்டில் அதன் சின்ன நகங்களின் சத்தம் மட்டும் கேட்டது. நாலு கால்களும் தனித்தனியாக, நேராக, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்தன. வந்து, அவள் சிராய்த்த முழங்கைக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது.

ஞானசௌந்தரி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வேலுத்தாய் கையை நீட்டி அதை வாங்கினாள்.

"உடனே குடுக்காத" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெயிலுமுத்து. மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசுகிற பேச்சு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குட்டியின் தொடையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், மறுபடி அழுத்திப் பார்த்தார், கையை எடுக்காமலேயே சொன்னார்: "ஓடி வந்திருக்குல்ல. முதல்ல மூச்சு அடங்கட்டும்."